லினக்ஸில் பழைய பில் புரோகிராம் திறக்கவில்லையா? வைன் சொல்வதைப் படியுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும், அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸில் ஓடிய பில் புரோகிராமுக்கு வைன். மறுநாள் விடிந்ததும் போன். "தம்பி, தட்டுதேன் தட்டுதேன், தெறக்க மாட்டேங்கு. நெல்லு வண்டி வாசல்ல நிக்கு."

புரோகிராம் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதுதான் வைனின் வேலை. கேட்டதில் முக்கியமான ஒன்று கிடைக்காவிட்டாலும் புரோகிராம் நின்றுவிடலாம். எது கிடைக்கவில்லை என்று பார்ப்போம்.

1. முதலில் நகல். ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் வைன் ஃபோல்டர் தெரியும். புரோகிராமும், பெரும்பாலும் கணக்கும் அதற்குள்தான். அங்கேயே வேறு பெயரில் நகலெடுங்கள். "அழித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்று யார் சொன்னாலும் நகல் இல்லாமல் கை வைக்காதீர்கள். வருஷக் கணக்கு மொத்தமும் போய்விடும்.

2. டெர்மினலில் ஓட்டுங்கள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறங்கள். சின்ன எழுத்தில் வைன் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, புரோகிராம் ஃபைலின் பெயரைக் கொடுங்கள். வரிவரியாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். 'ஃபிக்ஸ்மி' என்பவை வைனை எழுதுபவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட குறிப்புகள், பெரும்பாலும் விட்டுவிடலாம். 'எர்' என்று தொடங்கி, 'லைப்ரரி', 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் முதல் வரியைப் பிடியுங்கள். அண்ணாச்சிக்கு அதில் எம்எஸ்விபிவிஎம்60 என்று இருந்தது. விஷுவல் பேசிக் 6-இல் எழுதியவை ஓடத் தேவைப்படும் ஃபைல் அது.

3. வைன்ட்ரிக்ஸ். வைனில் இல்லாத விண்டோஸ் ஃபைல்களைப் போட்டுக் கொடுக்கும் கருவி இது. இதைத் திறந்து, டீஃபால்ட் வைன்பிரிஃபிக்ஸை (முதலில் நகலெடுத்த அந்த வைன் ஃபோல்டர்தான்) தேர்ந்து, டிஎல்எல் என்னும் அந்தத் துணை ஃபைல்களை நிறுவும் பட்டியலில் விபி6ரன் போட்டதும் புரோகிராம் திறந்தது. எம்எஸ்விசிபி140 இல்லை என்று வந்தால் விசிரன்2022. ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். கண்டதையெல்லாம் ஒன்றாகப் போட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்றே தெரியாது.

4. எடை வரவில்லை. எனக்கு நேரம் பிடித்தது இதில்தான். தராசு யுஎஸ்பி சீரியல் கேபிளில் இருந்தது. முதலில் பயனரை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வர வேண்டும். அப்போதும் வரவில்லை, ஏனென்றால் பழைய புரோகிராமுக்கு காம்1 என்ற விண்டோஸ் போர்ட் பெயர் மட்டுமே தெரியும். வைனின் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்று போங்கள். போர்ட்ஸ் இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் காம்1 என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங். மதிப்பாக, டெவ் ஃபோல்டரில் உள்ள டிடிஒய்யுஎஸ்பி0-வின் (அந்த கேபிளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) முழுப் பாதை. வைனில் ஓடும் எல்லாவற்றையும் மூடித் திறந்ததும் மூட்டையின் எடை திரையில் வந்துவிட்டது.

தமிழ் எழுத்து குழம்பித் தெரிந்தால், பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே ஃபான்டை ட்ரைவ் சி, விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள்.

யுஎஸ்பி டாங்கிள் பூட்டுள்ள, அதாவது பென் டிரைவ் போன்ற ஒன்றைச் செருகினால்தான் ஓடும் புரோகிராம் என்றால் வைனில் பெரும்பாலும் நடக்காது. அதற்கு, லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் போட்டு முயல்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.