துக்க வீட்டில் ஒரு நாய்: தொற்றுக்கால வழிகாட்டி

கொரோனா தொற்றுக்காலத்துச் சாவுக்கு ஊர் கூடவில்லை. 2021 மே ஊரடங்கில் தமிழ்நாட்டில் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் போக முடியவில்லை. துக்கம் கேட்க யாரும் படியேறி வரவில்லை. தூக்குவாளியில் சோற்றோடு உள்ளே வரப் பக்கத்து வீட்டாருக்கும் வழியில்லை. அப்படி அடங்கிப்போன வீட்டில் நாய் ஒன்று இருந்தால் அது பெரிய துணை. ஆனால் அழுகை வரும்போது மட்டும் கட்டிக்கொண்டால் அந்தத் துணை முழுதாகக் கிடைக்காது. சோறு வைப்பது, நடத்திக் கூட்டிப்போவது, உண்ணி பார்ப்பது என்று கை செய்யும் வேலை வழியாகத்தான் அது மெல்ல வந்து சேரும்.

முதல் சில நாள்கள்

சாவு வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நாயைப் பட்டினி போடும் வழக்கம் எங்கும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லி, தினம் இரண்டு வேளை நாய்க்கான சோற்றை வாசலோடு வைத்துவிட்டுப் போகச் செய்யுங்கள். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 கிராம் சோறு, 200 கிராம் எலும்பில்லாத வேகவைத்த கோழி, ஒரு முட்டை, கொஞ்சம் பரங்கிக்காய் அல்லது கேரட் போதும். உப்பும் காரமும் வேண்டாம். இதை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் வையுங்கள். வெறும் தயிர்சோறு வயிற்றை நிரப்பும், தேவையான புரதத்தைத் தராது. தண்ணீர் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். இந்த எடைக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும்.

படையலில் மிஞ்சியதை நாய்க்குத் தள்ளிவிடாதீர்கள். வடையில் வெங்காயம் இருக்கும், பாயசத்தில் உலர்ந்த திராட்சை இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

அடுத்தது மாத்திரைகள். நோயாளி படுத்திருந்த கட்டிலுக்கு அடியிலும் தலையணை உறைக்குள்ளும் கையை விட்டுத் தேடுங்கள். 5 கிலோ பொமரேனியனின் கல்லீரலைக் கெடுக்க 650 மி.கி. பாராசிட்டமால் ஒன்றே போதும். வலி மாத்திரையான ஐபுபுரூஃபன் இன்னும் மோசம். விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

நாய் மேல் சானிடைசரோ டெட்டாலோ பினாயிலோ வேண்டாம். நக்கி விழுங்கினால் ஆபத்து. வெளியே போய் வந்தால் பாதங்களைச் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். வீட்டில் இன்னொருவருக்குத் தொற்று வந்தால் நாயை அவரிடமிருந்து ஒதுக்கி வையுங்கள். கவனிக்க வேறு ஆள் இல்லையென்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவரே சோறு வைக்கலாம். நாய்க்கு மனிதரிடமிருந்து தொற்றியது உண்டு, 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஒரு பொமரேனியனுக்குத்தான் முதலில் தெரியவந்தது. நாய் இந்த நோயைப் பரப்புவதில் பெரிய பங்கு வகித்ததில்லை. பயந்து தெருவில் விட்டுவிட வேண்டாம்.

அது தேடும்போது

இறந்துபோன அப்பாவின் வண்டி வழக்கமாக வந்து நிற்கும் நேரத்துக்கு நாய் கேட்டருகே போய் உட்காரும். அதட்டி இழுத்து வராதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விடுங்கள், பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிடுங்கள். அந்த நேரத்தையே தினசரி நடையாக மாற்றிவிட்டால் காத்திருப்பு மெல்லக் குறையும். உங்களுக்கும் அந்த வேளைதான் கனமாக இருக்கும் என்பதால் இது இருவருக்குமான மருந்து.

இறந்தவரின் துணி எல்லாவற்றையும் துவைத்துவிட வேண்டாம். வீட்டில் உடுத்திய லுங்கியோ சேலையோ இரண்டை எடுத்து, வாயை இறுகக் கட்டிய பையில் ஒரு வாரம் தனியே வையுங்கள். துணியில் கிருமி அவ்வளவு நாள் நிற்காது. பிறகு ஒன்றை நாயின் படுக்கையில் விரியுங்கள். இன்னொன்று பையிலேயே இருக்கட்டும், வாசனை மங்கும்போது மாற்றிக்கொள்ளலாம். துணியைப் பார்த்ததும் ஓலமிடுகிறது, கிழிக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள். எல்லா நாயும் ஒன்றுபோல் இல்லை.

சாப்பிடாமல் கிடந்தால்

"அதுக்கும் துக்கம்" என்று விட்டுவிடுவதுதான் இந்த நேரத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. வீட்டு ஆள் போன பிறகு ஓரிரு நாள் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போவது வழக்கம்தான். ஆனால் நம் ஊரில் சாப்பிடாத நாய்க்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். வீட்டில் நோயாளியைக் கவனித்த வாரங்களில் நாய்க்கு உண்ணி மருந்து போட யாருக்கும் நினைவிருந்திருக்காது. காய்ச்சல் சரியாக இப்போது தலைதூக்கும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலும், சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலும் காத்திருக்கக் கூடாது. உடல் சூட்டைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள் (அதை நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள்). 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவர். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றாலும் அப்படியே. குட்டிகளுக்கு அரை நாள்கூட அதிகம். கால்நடை மருத்துவமனைகள் ஊரடங்கிலும் இயங்கின. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தினமும் மாலை பத்து நிமிடம் உண்ணி பாருங்கள்: காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கினால் கையில் ரத்தம் படும். மனம் எதிலும் நிற்காத நாள்களில் இந்த வேலை நிற்க வைக்கும். விரலுக்கு வேலை, கண்ணுக்கு வேலை, மடியில் ஒரு வெதுவெதுப்பான தலை.

தொடுவதும் விடுவதும்

நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக்கொடுத்த மாணவர்களின் எச்சிலில் மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்ததை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டியது. ஆகவே தொடுவதற்குப் பலன் உண்டு. எப்படித் தொடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இறுகக் கட்டிப்பிடித்து முகத்தைப் புதைப்பது பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. தலையைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இவை "விடு" என்பதற்கான அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் உறுமும், பொறுமை போனால் கடிக்கும்.

பக்கத்தில் உட்காருங்கள். மார்பிலோ தோளிலோ ஐந்து நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். அது நெருங்கி வந்து சாய்ந்தால் தொடருங்கள், எழுந்து போனால் போகட்டும். நள்ளிரவில் தூக்கம் கலைந்து நெஞ்சடைக்கும்போது, 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விட்டுக்கொண்டே, மூச்சு வெளியேறும் வேகத்தில் தோளிலிருந்து இடுப்பு வரை மெதுவாகத் தடவுங்கள். இதற்காக நாயின் பாயை உங்கள் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போட்டுவையுங்கள்.

தாயையோ தந்தையையோ இழந்த குழந்தை, பெரியவர்களிடம் சொல்லாததை நாயிடம் சொல்லும். குறுக்கே பேசாதீர்கள், காதில் விழும் தூரத்தில் இருங்கள். தண்ணீர் கிண்ணத்தை நிரப்பும் வேலையை ஐந்து வயதுக் குழந்தையிடம் தரலாம். சோறு வைக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

வெயிலும் நடையும்

மே மாதத்தில் காலை ஆறரைக்கு முன், இரவு ஏழுக்குப் பின் நடங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். வெளியே போக முடியாத நாளில் மொட்டை மாடி. அதுவும் இல்லையென்றால் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி, மடிப்புகளில் வேகவைத்த கோழித் துணுக்குகளை ஒளித்து வையுங்கள். மோந்து தேடுவதிலேயே அதற்கு நல்ல களைப்பு வரும். வயதான அம்மா நடத்திப் போவதாக இருந்தால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். பூனையைக் கண்டு நாய் பாய்ந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

வீட்டில் நாய் இல்லாதவர்கள் இந்த நேரத்தில் அவசரப்பட்டுக் குட்டி வாங்காமலிருப்பது நல்லது. குட்டியை இரவிலும் சில மணிக்கு ஒருமுறை வெளியே தூக்கிப்போக வேண்டும், தூக்கமிழந்தவரால் அது முடியாது. வளர்ந்த நாட்டு நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து சில வாரம் தற்காலிகமாக வளர்த்துப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் பிடிபடவில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் நாயால் தாங்க முடிகிற பாரம் அது இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐயோ, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416-ஐயோ உடனே கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம்.

வேலைக்குத் திரும்பும்போது

மாதக்கணக்கில் கூடவே இருந்த நாயை ஒரே நாளில் எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால், ஏற்கெனவே ஒருவரை இழந்த அது கதவைப் பிறாண்டும், எச்சில் ஒழுகக் குரைக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே பழக்குங்கள். சாவியை எடுத்து, செருப்பைப் போட்டு, வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்புங்கள். அடுத்து 5, 15, 30 நிமிடம். குரைத்தால் முந்தைய அளவுக்கு இறங்கி, அமைதியாக இருக்கும் வரை அங்கேயே நின்று பழக்குங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் கொஞ்சல் வேண்டாம். முதல் அரை மணி நேரத்தைத் தாண்டிய நாய் பெரும்பாலும் படுத்துத் தூங்கிவிடும்.