முதல் சர்வரோடு நின்றுவிட்ட ஸ்கிரிப்ட்

பல லினக்ஸ் சர்வர்களுக்கு எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் கருவி) வழியாக ஒரே கட்டளையை அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட் அது. சர்வர் பெயர்கள் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக இருக்கும். வைல் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வொன்றாகப் படித்து இணைக்க வேண்டும். ஆனால் முதல் சர்வரில் வேலை முடிந்ததும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஸ்கிரிப்ட் முடிந்துவிடும்.

நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. லூப் படிக்கிற அதே உள்ளீட்டை எஸ்எஸ்ஹெச் கிளையண்டும் படிக்கிறது. மீதிப் பெயர்களை எல்லாம் அது விழுங்கிவிடுவதால் லூப்புக்கு அடுத்த வரியே மிஞ்சுவதில்லை. எஸ்எஸ்ஹெச் கட்டளையில் ‘மைனஸ் என்’ (-n) சேர்த்ததும் அதன் உள்ளீடு டெவ் நல்லுக்கு (/dev/null, படித்தால் எதுவும் கிடைக்காத கோப்பு) மாறியது. சரி, லூப் முழுதாக ஓடியது.

அப்புறம் வேறு சிக்கல். புதிய சர்வர் ஒன்றில், அதன் ஹோஸ்ட் கீயை (சர்வரின் அடையாளச் சாவியை) நம்பலாமா என்று கேட்டு ஸ்கிரிப்ட் காத்து நின்றது. ஹோஸ்ட் கீ சோதனையையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நடுவில் வேறொரு கணினி சர்வராக நடித்தால் நம்மை எச்சரிப்பது அந்தச் சோதனைதான். சர்வரின் கன்சோலிலேயே ஃபிங்கர்பிரிண்டை (கீயின் சுருக்க அடையாளத்தை) ஒப்பிட்டுப் பார்த்து, கீயை நோன் ஹோஸ்ட்ஸ் (known_hosts, தெரிந்த சர்வர்களின் கீ பட்டியல்) கோப்பில் சேர்த்தேன். எதையும் கேட்காமல் ஓடும் பேட்ச் மோடையும் இயக்கினேன். இனி கடவுச்சொல் கேட்டுக்கூட நிற்காது. இணைப்பு தோற்றால் எஸ்எஸ்ஹெச் 255 என்ற குறியீட்டைத் தரும், ஸ்கிரிப்ட் அதைப் பதிந்துவிட்டு அடுத்த சர்வருக்குப் போகும். பதில் தராத சர்வருக்காக கனெக்ட் டைம்அவுட் 10 நொடி.

ஸ்கிரிப்டுக்கென்று தனியாக, உள்நுழைவதற்கான இடி25519 (Ed25519) வகை கீ வைத்தேன். ஒவ்வொரு சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் (authorized_keys, உள்நுழைய அனுமதியுள்ள கீகளின் பட்டியல்) கோப்பிலும் அந்த கீ குறிப்பிட்ட ஒரு கட்டளையை மட்டுமே ஓட்டலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறேன்.