பழுதான பேக்கப் டேப்பின் பெயரைப் புது டேப்புக்கு வைப்பது எப்படி?

டேப்பின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும்: டேப்பின் தொடக்கத்தில் எழுதிய லேபிள், பேக்கப் மென்பொருளின் கேட்டலாக் (எந்த டேப்பில் என்ன இருக்கிறது என்ற பதிவேடு). பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் நம் கண்ணுக்கு. பழைய பெயரைப் புது டேப்புக்கு வைக்கப் போனால் பாக்யுலா என்ற பேக்கப் மென்பொருள் மறுப்பது, கேட்டலாக்கில் அந்தப் பெயர் இன்னும் இருப்பதால்தான்.

முதலில், கெட்டது டேப்தானா என்று பாருங்கள். கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போட்டு எடுத்துவிட்டு, வேறொரு காலி டேப்பில் எழுதிப் பாருங்கள். அதிலும் பிழை வந்தால் டிரைவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, டேப்தான் போய்விட்டது. பாக்யுலாவுக்குக் கட்டளை கொடுக்கும் பி-கான்சோலில், அந்த வால்யூமின் (டேப்புக்கு பாக்யுலா வைத்த பெயர்) நிலையை 'எர்ரர்' என்று மாற்றுங்கள். இனி அதில் எதுவும் எழுதப்படாது. படிக்க முடிகிற கோப்பு ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே ரீஸ்டோர் செய்துவிடுங்கள். அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

அடுத்து 'டெலீட் வால்யூம்'. இது டேப்பைத் தொடாது. கேட்டலாக்கில் உள்ள வால்யூம் பதிவையும், அதிலிருந்த ஜாப்களின் (ஓடி முடிந்த பேக்கப்களின்) பதிவுகளையும் நீக்கிவிடும். பெயரைத் தட்டச்சு செய்ததும் ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

இப்போது புது டேப்பைப் போட்டு, 'லேபிள்' கட்டளையில் பழைய பெயரையே கொடுத்து, பழைய பூலையே (டேப் இருந்த தொகுப்பையே) தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பாக்யுலா லேபிள் உள்ள டேப் என்றால் மறுக்கும். அதை, டேப் டிரைவை இயக்கும் லினக்ஸ் கட்டளையான 'எம்டி'யால் ரீவைண்ட் செய்து, தொடக்கத்தில் கோப்பு முடிவுக் குறி ஒன்றை எழுதிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பார்கோடு படித்துத் தானே டேப்பை மாற்றும் லைப்ரரி இயந்திரம் என்றால் இந்த வேலையே வேண்டாம் என்பேன். ஒரே எண்ணில் இன்னொரு ஸ்டிக்கர் தேடி அலைவதைவிட, பழைய எண்ணை விட்டுவிட்டுப் புது எண்ணோடு போவது நிம்மதி.

பழைய டேப்பை அன்றைக்கே ஒழித்துவிடுங்கள். நான் ஒரு முறை அலமாரியிலேயே விட்டுவைத்தேன். சில மாதம் கழித்து ரீஸ்டோர் செய்தபோது, கையில் கிடைத்தது அதுதான். பெயர் பொருந்தியதால் மென்பொருளும் ஏற்றுக்கொண்டது. உள்ளே தேடிய கோப்பு மட்டும் இல்லை. பாதி நாள் போன பிறகுதான் அதே பெயரில் இன்னொரு டேப் இருப்பது நினைவுக்கு வந்தது.

கடைசி வேலை, ஃபுல் பேக்கப், அதாவது எல்லாக் கோப்புகளையும் எடுப்பது. கெட்ட டேப்பில் ஃபுல் இருந்திருந்தால், மற்ற டேப்களில் உள்ள இன்கிரிமென்டல்களுக்கு (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பவை) அடித்தளமே இல்லை. கேட்டலாக்கில் ஃபுல் எதுவுமே இல்லாவிட்டால் பாக்யுலா அடுத்த இன்கிரிமென்டலைத் தானே ஃபுல்லாக மாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கும் முந்தைய பழைய ஃபுல் ஒன்று இருந்தால் அதைப் பார்த்துத் திருப்தியாகிவிடும். நடுவில் மாறிய கோப்புகள் எங்குமே இருக்காது. அதனால் அட்டவணைக்குக் காத்திருக்காமல், 'ரன்' கட்டளையில் லெவலை ஃபுல் என்று மாற்றி, இன்றைக்கே ஓட்டிவிடுங்கள்.