மிதவை விமானம் எழும்பும்போது நேரும் ஸ்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிதவை விமானத்தைத் தண்ணீர் லேசில் விடாது. முதலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு போல நீரைக் கிழித்துப் போகும். வேகம் ஏறியதும் மூக்கு தாழ்ந்து, மிதவைகள் நீரின் மேல் வழுக்கத் தொடங்கும். இனி எழும்பிவிடும் என்று தோன்றும் அந்த நேரத்தில் யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, பலமாக இழுப்பதுதான் முதல் தவறு.

இழுத்தால் மிதவையின் பின்பகுதி நீரில் அழுந்தி வேகம் குறையும். அதையும் மீறி எழும்பினால் இன்னும் ஆபத்து. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் 15 டிகிரி அளவைத் தாண்டினால், பெரும்பாலான விமானங்களில் இறக்கையை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்து விலகிவிடும். தூக்குவிசை சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். என்ஜின் முழுபலத்தில் உறுமினாலும் இதுதான் கதி. நீரை ஒட்டிப் பறக்கையில் காற்றின் இழுவை குறைவு. மேலே போகப் போக அந்தச் சலுகை கிடையாது. அதனால் எழும்பியதும் ஏறத் துடிக்காமல், தாழவே பறந்து வேகம் சேர்க்க வேண்டும்.

கண்ணாடி போல அசையாத ஏரி மிதவையை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பொறுமை இழந்து இழுக்க வேண்டாம். ஒரு வட்டம் ஓட்டி அலை கிளப்பிவிட்டு, அதன் மேல் ஓடினால் பிடி தளரும்.

புறப்படும் முன் மிதவை அறைகளின் ரப்பர் பந்து மூடியை எடுத்து, கைப்பம்பால் நீரை இறைத்துவிடுங்கள். சோம்பல் படவே கூடாத வேலை இது. பின் அறையில் தேங்கிய 20 லிட்டர் என்பது 20 கிலோ. மூக்கு தானாகத் தூக்கும்.

அப்புறம், திருப்பம். அமெரிக்காவின் அலாஸ்காவிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஏரியைச் சுற்றி மலை நிற்கும், சீக்கிரம் திரும்பத் தோன்றும். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடும், 60 டிகிரிக்கு 41. காற்று பின்னாலிருந்து வீசினால் கீழே நீர் விரைந்து ஓடுவதுபோல் தெரியும். அதை நம்பி மூக்கைத் தூக்காதீர்கள், வேகமானியைப் பாருங்கள். 2015 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக்கில் சுற்றுலா சென்ற பீவர் ரக மிதவை விமானம், தாழப் பறந்து மிகவும் சாய்ந்து திரும்பியபோது ஸ்டால் ஆகி 6 பேரும் இறந்தனர். அதில் ஸ்டால் எச்சரிக்கைக் கருவி இல்லை.

கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் எழும்பவில்லையா, சரி, என்ஜின் பலத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறையுங்கள். மிதவைகள் நீரில் இறங்கி, விமானம் சீக்கிரமே நின்றுவிடும்.