யாழ் பெரியகடைக்குப் போகிறவர்களுக்கு

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த கடைத்தெரு ஒன்று உண்டு: பெரியகடை. பஸ் நிலையத்தில் இறங்கினால் புடவை, நகை, பாத்திரம், இரும்பு, புத்தகம் எல்லாம் நடைதூரம். அந்த நினைப்போடு போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது இடையிடையே பூட்டிய கதவுகளும் வங்கி, லீசிங் கம்பனிப் பெயர்ப்பலகைகளும்தான். கடைகள் ஒரேயடியாக அழியவில்லை, கலைந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்கலாம் என்று போனால் அரைநாள் வீண். எந்தச் சாமானுக்கு எந்த இடம் என்று பிரித்துக்கொண்டு போனால் பழைய தெரு இன்றும் உதவும்.

தெரு மெலிந்த காரணத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. "முந்தி நல்லா இருந்ததே, ஏன் இப்படி விட்டியள்?" என்று கடை முதலாளியிடம் கேட்டு அவரை நோகடிக்காமல் இருக்கலாம். 1981இல் யாழ் நூலகம் எரிந்த நாட்களில் நகரின் கடைகளும் எரிக்கப்பட்டன. 1990 யூன் தொடக்கம் செப்டெம்பர் வரை கோட்டையைச் சுற்றிச் சண்டை. கோட்டைக்கும் பெரியகடைக்கும் இடையில் முற்றவெளி என்ற திறந்த மைதானம்தான் கிடக்கிறது. எறிகணை விழும் இடத்தில் யார் கடை திறப்பார்கள்? வியாபாரம் திருநெல்வேலி, சுன்னாகம் என்று வடக்கே ஒதுங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ் முஸ்லிம் மக்களைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். இரும்பு, நகை, புடவை, தையல் என்று நகர வியாபாரத்தில் பெரும் பங்கு அவர்கள் கையில் இருந்தது. இதைப் பேசத் தயங்குகிறவர்கள் நம்மில் இன்றும் அதிகம். ஆனால் இதை விட்டுவிட்டுப் பெரியகடையின் கதையைச் சொல்ல முடியாது. 1995 ஒக்டோபர் 30இல் மிச்ச நகரமும் இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபின் கப்பலில் வந்த சாமானை நம்பியிருந்த காலம், தாக்குப்பிடித்த சிறு கடைகளின் முதலையும் கரைத்தது.

2009இல் பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவை பெருங்கம்பனிகளின் கிளைகள். 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் குளிரூட்டிய கார்கில்ஸ் சதுக்கம் வந்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டித் திருநெல்வேலி இன்னொரு நகரமாக வளர்ந்தது. அங்கே மோட்டார் சைக்கிளைக் கடை வாசலிலேயே விடலாம், பெரியகடையில் இடம் தேடி அலைய வேண்டும். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 அளவுக்குச் சில வாரங்களில் ஏறியபோது, பழைய விலைக்குச் சாமானை விற்றவர்களால் அதே காசுக்கு மறுபடி சாமான் எடுக்க முடியவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் யாழ்ப்பாணத்துப் பலாலி – சென்னை விமானம் மீண்டும் பறக்கத் தொடங்கியது; கல்யாணப் புடவைக்கு இப்போது குடும்பத்தோடு சென்னைக்கே போய்வருகிறார்கள். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் கல்யாணங்கள் பெரியகடைக்குக் கைகொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு அந்த விமானத்தில் ஏறிப் போய்விட்டது.

எப்போது போவது

காலை 9 மணி தொடக்கம் 11.30 வரை, பிறகு பின்னேரம் 4 தொடக்கம் 6 வரை. இரவு உலா வரலாம் என்று நினைக்க வேண்டாம். 7 மணிக்குப் பெரும்பாலான பழைய கடைகளில் கதவு இழுத்தாகிவிடும். ஞாயிறு நகரக் கடைகளில் பல பூட்டு. முஸ்லிம் கடைகள் வெள்ளி மதியம் தொழுகைக்கு மூடும். நல்லூர்த் திருவிழா 25 நாள். அப்போது கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், தையற்கடைகளில் வேலை குவிந்து கிடக்கும். திருவிழாவுக்கென்றே வருகிறவர்கள் தைக்கவேண்டியதை வந்த முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.

நகருக்குள் காரில் போவதைத் தவிருங்கள். ஆட்டோவில் ஏறுமுன் காசைப் பேசுங்கள், அல்லது பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள்.

நகை

பழைய தெருவில் இன்றும் உயிரோடு இருக்கும் வியாபாரம் இதுதான். ஆஸ்பத்திரி வீதியிலிருந்து கஸ்தூரியார் வீதிக்குள் திரும்பினால் நகைக்கடை வரிசை. கன்னாதிட்டியில் கடைகளோடு பட்டறைகளும் உண்டு. செய்து வைத்த நகை வேண்டுமா, செய்விக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செய்விப்பதற்கென்றால் அந்தத் தெருவுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. செய்து வைத்தது என்றால் ஊரில் வேறு இடங்களிலும் கிடைக்கும்.

ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்பது 91.6 வீதத் தங்கம். நகையில் 916 என்ற முத்திரையைத் தேடுங்கள். முத்திரை இருந்தாலும் மெஷினில் கரட் பார்த்துத் தரக் கேட்பதில் தவறில்லை. நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். பற்றுச்சீட்டில் ஐந்து விடயம் தனித்தனியாக இருக்க வேண்டும்: நிறை, கரட், அன்றைய பவுண் விலை, செய்கூலி, சேதாரம். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை எழுதிய சீட்டை வாங்க வேண்டாம். பிறகு மாற்றப் போகும்போது எதற்குக் கழிவு போடுகிறார்கள் என்று உங்களுக்கு விளங்காது. பேரம் பேசுவது செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். பவுண் விலையில் பேரம் பேசினால் நீங்கள் புதிசு என்று தெரிந்துவிடும்.

ஏமாறும் இடங்கள் வழக்கமானவை. கல் வைத்த நகையைக் கல்லோடு நிறுத்துத் தங்க விலை போடுவது. அரக்கு நிரப்பிய காப்பை நிரப்பலோடு நிறுப்பது. சங்கிலி 22 கரட்டாக இருக்கக் கொளுக்கியும் பற்று வைத்த பொருத்துகளும் தரம் குறைந்திருப்பது. கல்லின் நிறையைக் கழித்து எழுதச் சொல்லுங்கள். கொளுக்கியைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாலிக்கொடி செய்விக்கிறவர்கள் 7, 9, 11 என்று ஒற்றைப்படைப் பவுணில் செய்வது யாழ்ப்பாண வழக்கம். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்குக்கு நாள் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தாலி வேலை. எனவே கொடியைக் கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பே ஓடர் கொடுத்து, முற்பணத்துக்குச் சீட்டு எடுத்து, அந்தச் சீட்டிலேயே அன்றைய பவுண் விலை பூட்டப்பட்டதா, எடுக்கும் நாள் விலையா என்று எழுதி வாங்குங்கள். தங்கம் ஏறும் காலத்தில் சண்டை வருவது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

திரும்பும்போது சுங்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். வரியின்றிக் கொண்டுபோகக்கூடிய மொத்தப் பெறுமதி பிரித்தானியாவுக்கு 390 பவுண்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விமானத்தில் 430 யூரோ, சுவிசுக்கு 2025 தொடக்கம் 150 பிராங், 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் நின்று கனடா திரும்புகிறவருக்கு 800 கனேடிய டொலர், அவுஸ்திரேலியாவுக்கு 900 அவுஸ்திரேலிய டொலர். ஒரு பவுண் சங்கிலியே இவற்றில் பலதைத் தாண்டும். கழுத்தில் போட்டுக்கொண்டு போனால் கணக்கில் வராது என்பது வெறும் ஊர்க்கதை. வெளிநாட்டிலிருந்து புறப்படும்போதே நீங்கள் கொண்டுவரும் நகைகளைப் படம் எடுத்து, சீட்டுப் பிரதியோடு வைத்திருந்தால் பழைய நகைக்கு வரி கேட்கும் சிக்கல் வராது.

துணியும் தையலும்

நவீன சந்தைக் கட்டிடத்துக்குள் ஒடுங்கிய வழிகளில் உடுப்புக் கடைகள் நிறைய. வெளிப்பக்க நடைபாதையில் பேரம் பேசலாம். "அண்ணை, கடைசியா என்ன விலை? குறைச்சுச் சொல்லுங்கோ" என்றால் போதும். பெரிய புடவைக்கடைகளில் ஒட்டிய விலைதான்.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது நன்றாகப் பொருந்தும் பழையது ஒன்றை அளவுக்குக் கொடுங்கள்; நாடாவால் அளந்ததை மட்டும் நம்பினால் கைக்குழி இறுக்கும். ஒரு மீற்றர் துணி பெரும்பாலும் போதும், நீளக் கை என்றால் கூட வேண்டும். உள்துணி பருத்தி என்றால் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலில் உள்துணி சுருங்கி வெளித்துணி மடிப்பு விழும். தையலுக்குள் அரை அங்குலம் விட்டுத் தைக்கச் சொன்னால் பிறகு இளக்கலாம். வியாழன் தருவேன் என்றால் சனி என்று எடுத்துக்கொண்டு, விமானத்துக்கு மூன்று நாள் முன்பாவது கையில் வரும்படி கணக்கிடுங்கள்.

தின்பண்டமும் தூளும்

சந்தையை ஒட்டிய கடைகளில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்தது), பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), குட்டான் பனங்கட்டி (சிறு ஓலைப்பெட்டியில் வரும் பனை வெல்லம்), மோர் மிளகாய், கருவாடு எல்லாம் தொங்கும். புழுக்கொடியலை வாங்குமுன் கட்டை அவிழ்த்து நடுவில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவு துளை இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. பனங்கட்டி ஈரப்பட்டுக் கசிந்திருந்தால் வேண்டாம், பெட்டிக்குள் உருகி உடுப்பெல்லாம் ஒட்டும். கலப்படம் என்று சந்தேகம் இருந்தால் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் வாங்குங்கள்.

கறித்தூளைப் பைக்கற்றில் வாங்குவதைவிடச் சாமானை வாங்கி, வீட்டில் வறுத்து, மில்லில் அரைப்பித்தால் ஒரு வருடத்துக்குப் பேச்சில்லை. செத்தல் மிளகாய் 1 கிலோவுக்கு மல்லி 1 கிலோ, சீரகமும் பெருஞ்சீரகமும் 250 கிராம் அளவில், மிளகு 200, வெந்தயம் 50, கொஞ்சம் மஞ்சளும் வறுத்த கறிவேப்பிலையும். வீட்டுக்கு வீடு அளவு மாறும். மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அதை அப்படியே பையில் கட்டினால் வேர்த்துக் கட்டிபிடித்துப் பூஞ்சணம் வரும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள்.

கருவாடு, ஒருவருக்கு 20 கிலோ மீன் பொருள் என்ற எல்லைக்குள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகலாம். நெய்யும் இறைச்சியும் போகாது. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. 2019 டிசெம்பரிலிருந்து அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஊரிலேயே வயிறாரச் சாப்பிட்டு முடியுங்கள். அவுஸ்திரேலியா போகிறவர்கள் தூள் உட்பட உண்ணும் பொருள் எல்லாவற்றையும் உள்ளே நுழையும்போது கொடுக்கும் பயணி அட்டையில் எழுத வேண்டும்.

காசு

ஆகப் பெரிய நோட்டு 5000. சிறு கடையில் அதை நீட்டினால் மிச்சம் கொடுக்கத் திண்டாடுவார்கள். வங்கியிலேயே 500, 1000 ஆக மாற்றி வாங்குங்கள். வங்கி அட்டைக்கு 3 வீதம் கூடக் கேட்கும் கடையில் காசாகக் கொடுப்பதே லாபம். விலைப்பட்டியில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2024 தொடக்கம் அது 18 வீதம்.

பூட்டிய கடை உங்களுடையது என்றால்

அந்தத் தெருவில் பூட்டிக் கிடக்கும் கதவுகளில் ஒன்று உங்கள் அப்புவுடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் முதலில் மாநகர சபைக்குப் போய்ச் சோலைவரி (கட்டிடத்துக்குச் சபை அறவிடும் வரி) யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு நிலுவை என்று கேளுங்கள். நிலுவையைக் கட்டிச் சீட்டு எடுங்கள். ஆனால் சோலைவரிச் சீட்டு உரிமைக்குச் சாட்சி அல்ல. காணி உறுதிப் பத்திரத்தின் இலக்கத்தையும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரையும் கொண்டு காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்துப் பார்த்தால்தான் இடையில் யாராவது தங்கள் பெயருக்கு மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று தெரியும். உறுதி தொலைந்திருந்தாலும் இலக்கம் தெரிந்தால் வழி உண்டு.

உள்ளே வாடகைக்காரர் இருந்தால் வாடகை சிறிதானாலும் சீட்டுப் போட்டு வாங்குங்கள். 10 வருடம் தடையின்றி, உங்கள் உரிமையை ஏற்காமல் ஆண்டவர் நீதிமன்றத்தில் அதைத் தனதென்று கேட்கலாம். வாடகைச் சீட்டு இருக்கும்வரை அந்தக் கதை நிற்காது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் புதிதாகக் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், நெருங்கிய உறவின் வழி முதுசமாக வருவதற்கும் விலக்கு உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் உங்கள் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரும்.

இரண்டு வாரத்தில் இது முடியாது. உங்களுக்காகக் காரியம் பார்க்க ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோர்னி) கொடுத்துவிட்டுப் போவதானால் "எல்லாக் காரியத்துக்கும்" என்று எழுத வேண்டாம். இந்தக் கடை, இந்த இலக்கம், வாடகை வாங்கவும் வரி கட்டவும் மட்டும் என்று எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டில் இருந்தபடி எழுதினால் இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு, இலங்கையில் பதிவு செய்தபின்தான் அது இங்கே செல்லுபடியாகும்.