பாலியல் கல்வி வகுப்பில் கேள்விப் பெட்டி: வைப்பது எப்படி, பதில் சொல்வது எப்படி

"சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றால் இந்த வகுப்பில் ஒரு கையும் உயராது. சந்தேகம் இல்லாமல் இல்லை. நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சம். அதனால்தான் பெயர் எழுதாத கேள்விப் பெட்டி.

எல்லோருக்கும் ஒரே அளவு சீட்டு, ஒரே நிறப் பேனா. வகுப்பு முடியும் முன் 5 நிமிடம் ஒதுக்குங்கள். கேள்வி இல்லாதவர்கள் அன்று புதிதாகத் தெரிந்துகொண்ட ஒன்றை எழுதட்டும். எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். நாலைந்து பேர் மட்டும் குனிந்து எழுதினால் பக்கத்து பெஞ்சுக்கு ஆள் தெரிந்துவிடும், அடுத்த முறை பெட்டி காலியாகத்தான் வரும்.

எழுதத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்: "பெயர் வேண்டாம். என்னிடம் தனியாகப் பேச விரும்பினால் மட்டும் பெயரை எழுதுங்கள். யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடியவரிடம் நான் சொல்லியாக வேண்டும்." ரகசியமாக வைத்திருப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பதில் அடுத்த வகுப்பில் போதும். ஆனால் சீட்டுகளை அன்றே படித்தாக வேண்டும். யாரோ தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள், படம் அனுப்பச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தாலும் அந்தச் சீட்டு வகுப்புக்கு வரக் கூடாது. அன்றே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் கைக்குப் போக வேண்டும்.

மீதியில் நிறையச் சீட்டுகள் கேட்பது ஒன்றைத்தான்: எனக்கு இருப்பது இயல்பா? "நான் பையன், மார்புல கட்டி மாதிரி இருக்கு, கேன்சரா?" என்று ஒன்று வந்தால் அப்படியே வாசிக்காமல், "பையன்களுக்கு மார்பு வீங்குமா?" என்று பொதுவாக்குங்கள். முதலில் பயத்தைப் போக்குங்கள், பிறகு விவரம்: பருவமடையும் பையன்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காம்புக்கு அடியில் இப்படி வீங்கும், ஹார்மோன் மாற்றம்தான் காரணம், பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே அடங்கும். வலி அதிகமானாலோ, காம்பிலிருந்து நீர் வந்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதில் சொல்லும்போது எந்தப் பிள்ளையின் முகத்திலும் கண் நிற்கக் கூடாது.

கெட்ட வார்த்தையில் எழுதியிருந்தால் திட்டாதீர்கள்; ஆண்குறி, யோனி என்று சரியான சொல்லைப் போட்டு வாசித்துவிட்டுப் போங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு வேறு சொல் தெரியாது. "காதலிப்பது தப்பா?" என்பதற்குப் பல குடும்பங்கள் பலவிதமாக நினைப்பதைச் சொல்லலாம், வற்புறுத்துவது தவறு என்பதில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது. உங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை.

பதில் சொல்லி முடித்த சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுத்தது மட்டும் அவரிடமே இருக்கட்டும்.