முதலீட்டுக்கு வைரம் வாங்குவது எப்படி: சான்றிதழையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

தங்கத்துக்குக் காலையில் ஒரு விலை வந்துவிடுகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் கிராம் விலை ஏறத்தாழ அதேதான். வைரத்துக்கு அப்படி ஒரு பொது விலை கிடையாது. ஒரே எடையுள்ள இரண்டு கற்களின் விலை பல மடங்கு வித்தியாசப்படும். போன வருடம் தங்கைக்காக ஒரு காரட் கல் தேடியபோது கேட்டது, படித்தது, கையில் பிடித்துப் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே வரிசைப்படுத்துகிறேன். 4சி (காரட் என்ற எடை, நிறம், தெளிவு, கட் என்ற வெட்டு) பற்றி எல்லா நகைக்கடைச் சுவரிலும் எழுதியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. 2022க்குப் பிறகு வைர விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். நகைக்கடன் தரும் இடங்களில் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன் தருவார்கள். அதனால் பல வருடங்களுக்குக் கை வைக்கத் தேவைப்படாத பணத்தில் மட்டும் வாங்குங்கள்.

படி 1: நகையாக வேண்டாம், உதிரிக் கல்லாக வாங்குங்கள்

பதித்த கல்லைத் துல்லியமாக எடை போட முடியாது. பிடிக்கு அடியில் இருக்கும் கீறலும் தெரியாது. செய்கூலி திரும்பி வராது. வரியிலும் வித்தியாசம் உண்டு: நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், பட்டை தீட்டிய உதிரிக் கல்லுக்கு 1.5 சதவீதம். நகையில் இருக்கும் ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டுமே உத்தரவாதம். கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

படி 2: இயற்கை வைரம் மட்டும்

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அசல் வைரம்தான், அதே கரிமம், அதே கடினம். போட்டுக்கொள்ள ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் தேவைக்கு ஏற்ப உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதால் விலை நிற்பதில்லை. வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் 2018இல் காரட் 800 டாலருக்கு லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகை விற்க ஆரம்பித்தது. 2025இல் அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நம் ஊரிலேயே சென்னை ஐஐடியில் இந்த ஆராய்ச்சிக்கு மத்திய அரசு 242 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. உற்பத்தி இன்னும் மலிவாகும் என்றுதான் நினைக்கிறேன்.

கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து 'பீப்' சத்தம் காட்டுவார்கள். சாதாரண வெப்பச் சோதனைப் பேனாவுக்கு இயற்கை வைரம், ஆய்வக வைரம் இரண்டும் ஒன்றுதான். வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லுக்குக்கூட அது சத்தம் போடும். அதற்குச் செலவு செய்யாமல் நல்ல லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறிய உருப்பெருக்கி) ஒன்று வாங்குங்கள்.

படி 3: எந்தத் தரம்

என் தேர்வு இது: வட்ட வடிவம், 1 காரட்டுக்குச் சற்று மேல், நிறம் எஃப் முதல் எச் வரை, தெளிவு விஎஸ்1 அல்லது விஎஸ்2 (லூப்பில் பார்த்தால் மட்டும் தெரியும் சின்னக் குறைகள் உள்ளது), கட், பாலிஷ், சிமெட்ரி (சமச்சீர்) மூன்றும் எக்ஸலென்ட், ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தின் சான்றிதழ். ஜிஐஏ என்று பிடிவாதமாகச் சொல்லக் காரணம், அந்தச் சான்றிதழை எந்த நாட்டு வியாபாரியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார் என்பதுதான்.

டி நிறம் (நிறமே இல்லாதது), ஐஎஃப் தெளிவு (உள்ளே குறையே இல்லாதது) என்று உச்சத்துக்குப் போக நான் சொல்லமாட்டேன். விலை எகிறும், திரும்ப வாங்கக்கூடியவர்கள் குறைவு. 0.98 காரட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் விற்கும்போதும் ஒரு காரட்டுக்குக் கீழ் என்றுதான் பேரம் பேசுவார்கள்.

எடையோடு அகலத்தையும் பாருங்கள். நன்றாக வெட்டிய 1 காரட் வட்டக் கல் ஏறத்தாழ 6.4, 6.5 மி.மீ. இருக்கும். 6.2 மி.மீ. மட்டும் என்றால் எடை அடியில் ஒளிந்திருக்கிறது. பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் கல்லுக்கு முழு விலை கொடுப்பீர்கள். ஆழம் அகலத்தில் 63 சதவீதத்தைத் தாண்டினால் நான் அடுத்த கல்லுக்குப் போய்விடுவேன்.

இங்கே 'ப்ளூ ஜாகர்' பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களில் வைரத்தோடு என்றாலே ப்ளூ ஜாகர்தான் உசத்தி. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோண்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீலச்சாயல் கற்களில் இருந்து வந்த பெயர் அது. ஜிஐஏ சான்றிதழில் அப்படி ஒரு தரமே கிடையாது. அந்த நீலச்சாயலுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் குணம் 'ஃப்ளோரசன்ஸ்' (புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வது) என்ற வரியில் 'ஸ்ட்ராங் ப்ளூ' என்று இருக்கும். வெளிச்சந்தையில் உயர்நிறக் கல்லுக்கு அது விலையைக் குறைக்கிற விஷயம். இங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்கி, அங்கே தள்ளுபடியில் விற்க வேண்டியிருக்கும். போட்டுக்கொள்ள என்றால் அழகான கல், முதலீட்டுக்கு ஃப்ளோரசன்ஸ் 'நன்' (இல்லை) அல்லது 'ஃபெயின்ட்' (லேசானது) போதும்.

படி 4: கல்லும் சான்றிதழும் ஒன்றுதானா

இதுதான் எனக்கு நிறைய நேரம் பிடித்த படி. சான்றிதழ் உண்மையாக இருக்கும், எதிரில் இருக்கும் கல் வேறாக இருக்கும். ஆய்வக வைரத்தில் இயற்கை வைரத்தின் சான்றிதழ் எண்ணைப் பொறித்து ஏமாற்றிய கற்களை ஜிஐஏவே கண்டுபிடித்து எழுதியிருக்கிறது. அதனால் எண் பொருந்தினால் மட்டும் போதாது.

முதலில், கல்லின் ஓரத்தில் சான்றிதழ் எண் பொறித்திருந்தால் அது. பத்து மடங்கு பெரிதாக்கும் ட்ரிப்லெட் (மூன்று வில்லை) லூப் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது மடங்கு வேண்டாம், பார்வைப் பரப்பு சுருங்கிக் கல்லே பிடிபடாது. தரம் பிரிப்பதும் பத்து மடங்கில்தான். கல்லை நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். விரல் எண்ணெய் பட்டிருந்தால் எழுத்து தெரியாது. லூப்பைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் கன்னத்தில் அண்டக் கொடுத்துப் பிடியுங்கள். இரண்டு முழங்கையும் மேசையில் இருக்கட்டும். ட்வீசர் பிடித்த கை, லூப் பிடித்த கையைத் தொட்டுக்கொண்டிருந்தால் நடுக்கம் நிற்கும். கல்லை மேல்தட்டும் அடிமுனையுமாகக் கவ்வி, பக்கவாட்டில் திருப்புங்கள். கல்லின் இடுப்பைச் சுற்றி ஓடும் மெல்லிய விளிம்புதான் கர்டில். லூப்பில் இருந்து ஓரங்குலத் தூரத்தில் அது தெளிவாகும். விளக்கு பக்கத்தில் இருந்து வரட்டும், நேராக விழுந்தால் மினுக்கம்தான் தெரியும். மெதுவாகச் சுழற்றினால் ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில், உறைபனி படிந்தது போல 'ஜிஐஏ' என்ற ஆங்கில எழுத்துகளும் எண்ணும் வரும். தலைகீழாகவும் வரலாம்.

அடுத்து அளவு. சான்றிதழில் 6.43 - 6.46 x 3.98 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். கடைக்காரரிடம் கேஜ் இருக்கும், உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். எடையையும் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கல்லுக்குள் இருக்கும் அடையாளம். முழுச் சான்றிதழில் கல்லின் வரைபடம் இருக்கும். உள்ளே இருப்பது சிவப்பு மையில், மேற்பரப்பில் இருப்பது பச்சையில். சிறிய 'டோசியர்' சான்றிதழில் இந்த வரைபடம் கிடையாது, அதனால் முழுச் சான்றிதழ் உள்ள கல்லாகவே கேளுங்கள். நான் விவிஎஸ் (விஎஸ்ஸுக்கு மேலான தெளிவு) வாங்காமல் விஎஸ் சொல்வதற்கும் இதுவே பெரிய காரணம். விஎஸ் கல்லில் இருக்கும் படிகத்தையோ மெல்லிய இறகுக் கோட்டையோ பொறுமையாகத் தேடினால் நாமே பிடித்துவிடலாம். அந்த ஒரு புள்ளி வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். விவிஎஸ்ஸில் பழகிய கண்ணுக்கே அது கஷ்டம். அப்புறம், நடுவில் கரும்புள்ளி உள்ள கல்லைத் தவிர்த்துவிடுங்கள். தோஷம் என்று சொல்லி நம் ஊரில் பலர் தொடமாட்டார்கள், விற்கும்போது அது சிக்கல்.

படி 5: விற்கும் விலையை முதலில் கேளுங்கள்

மொத்த வியாபாரிகள் ராப்பபோர்ட் என்ற வைர விலைப் பட்டியலை வைத்துப் பேசுவார்கள். அதில் 100 என்று இருந்தால் காரட்டுக்கு 10,000 டாலர். அதில் இருந்து 30, 40 சதவீதம் கழித்துத்தான் பேச்சே ஆரம்பமாகும் என்பதால் பட்டியல் விலையைக் காட்டி "மலிவு" என்றால் மயங்க வேண்டாம். இதே சான்றிதழ் விவரத்தை வேறு இரண்டு கடைகளில் கொடுத்து, "இந்தக் கல்லை விற்க வந்தால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். வாங்கும் விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கேட்டாலே பாதிப் பேர் யோசிப்பீர்கள். யோசிப்பது நல்லது. பைபேக் (கடையே திரும்ப வாங்கிக்கொள்வது) இருந்தால் எத்தனை சதவீதம், பணமா மாற்று நகையா, அன்றைய விலையா பில் விலையா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: பில்

சான்றிதழ் எண், எடை, நிறம், தெளிவு நான்கும் பில்லில் வர வேண்டும். 2 லட்சத்துக்கு மேல் பான் கேட்பார்கள், அந்தத் தொகையை ரொக்கமாக வாங்க அவர்களுக்கும் அனுமதி இல்லை. 24 மாதம் தாண்டி விற்றால் லாபத்துக்கு நீண்டகால மூலதன வரி 12.5 சதவீதம். பில் இல்லையென்றால் வாங்கிய விலையைக் காட்டவே முடியாது.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

சான்றிதழில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. அச்சடித்தவர் எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் அதைத் திருப்பிவிடலாம். ஜிஐஏ தளத்துக்கு நீங்களே போய் எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

பாட்டியின் ஏழு கல் தோட்டுக்குச் சான்றிதழ் வாங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். கல்லைக் கழற்றித்தான் தரம் பிரிக்க முடியும். பின்பக்கம் மூடிய பழைய நகைக்கட்டில் இருந்து கழற்றும்போது கல்லின் ஓரம் சிதறவும் வாய்ப்புண்டு. கற்கள் ஒவ்வொன்றும் 20, 25 சென்ட் (சென்ட் என்பது காரட்டில் நூறில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் அந்தச் செலவும் ஆபத்தும் தேவையில்லை. கழற்றாமல் தோராய எடை தெரிய ஒரு கணக்கு இருக்கிறது: விட்டம் x விட்டம் x ஆழம் x 0.0061, எல்லாம் மி.மீட்டரில். நவீன வட்ட வெட்டுக்குத்தான் இது சரியாக வரும். பழைய வெட்டுக் கற்களுக்கும், ஆழம் அளக்க முடியாத மூடிய கட்டுக்கும் பழகிய பத்தரையே கேளுங்கள்.